கரைக் கொட்டகைக்கு எந்த வோல்ட்? 12, 24, 230 மூன்றையும் கணக்கிட்டுப் பார்த்தோம்

மண்டபத்தில் பாக் விரிகுடாப் பக்கக் கரையில் என் அத்தை கருவாட்டுக் கொட்டகை வைத்திருக்கிறார். பனையோலைக் கூரை, காற்று வரட்டும் என்று நான்கு பக்கமும் திறந்தே கிடக்கும். விடியற்காலையில் நாட்டுப்படகுகள் கரை சேர்ந்ததும் காரல், நெத்திலி, சீலா என்று வந்ததைத் தரம் பிரித்து, பெரிய மீனைக் கீறி உப்பு வைக்கும் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறும்போது மீன் காய்வதற்குத் தயாராக இருக்க வேண்டும். அதனால் கத்தி பிடிக்கிற வேலை பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

வீட்டு மாடியில் சோலார் தகடு, வீட்டுத் திண்ணையில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. அங்கிருந்து கொட்டகை 40 மீட்டர். ஒயர் இழுத்து ஒரு பல்பும் ஒரு சிறிய மின்விசிறியும் போட்டிருந்தார்கள். போன மாதம் போயிருந்தபோது அத்தையின் இடதுகைச் சுட்டுவிரலில் கட்டு. “மருமகனே, பேட்டரி புதியது, பல்பு புதியது. வெளிச்சம் மட்டும் அரிக்கேன் விளக்கு மாதிரி இருக்கிறது. விரல் எது, மீன் எது என்று தெரியவில்லை” என்றார்.

ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் தடித்த ஒயர் போடச் சொன்னார். அத்தை மகன் இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் கொண்டுபோகலாம் என்றான். விசைப்படகில் இன்ஜின் வேலை பார்க்கும் மாமா, இன்னொரு பேட்டரி சேர்த்து 24 வோல்ட் ஆக்கு என்றார். பேட்டரியையே கொட்டகைக்குக் கொண்டுபோய்விடலாமே என்பது என் முதல் எண்ணம். நான்குமே தவறான யோசனை அல்ல. ஆனால் எதற்கும் பணம் போடும் முன் மல்டிமீட்டரை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் லைனில் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வயரிங் வேலையில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். அளக்காமல் வாங்கிய ஒயரை நானே பலமுறை கழற்றியிருக்கிறேன்.

கணக்கு இரண்டே வரிதான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். முதல் வரியை ஜெர்மனியின் கியோர்க் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். ஒயரில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை 1840களில் இங்கிலாந்தின் ஜூல் காட்டினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான்.

பல்பும் விசிறியும் ஓடும்போது பேட்டரி முனையில் 12.4 வோல்ட். கொட்டகை ஹோல்டரில் 7.8 வோல்ட். லைனில் 2.2 ஆம்பியர். வழியில் தொலைந்தது 4.6 வோல்ட், அதை 2.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.1 ஓம். திறனைப் பாருங்கள்: பேட்டரி கொடுத்தது 12.4 × 2.2, அதாவது 27 வாட். கொட்டகைக்கு வந்தது 7.8 × 2.2, அதாவது 17 வாட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணலுக்குப் போய்விட்டது. இழைப் பல்புக்கு மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அத்தை சொன்ன அரிக்கேன் உவமை சரிதான்.

இனி அந்த 2.1 ஓம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போட்டிருந்தது 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். கடையில் ‘ஒரு எம்.எம். ஒயர்’ என்றுதான் கேட்போம், அது விட்டத்தைச் சொல்வதல்ல, குறுக்குப் பரப்பைச் சொல்வது. அந்த அளவுப் பலபுரி ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 19.5 ஓம். கொட்டகை 40 மீட்டர் என்றாலும் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 80 மீட்டர். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 80 மீட்டருக்கு 1.56 ஓம். அளந்ததோ 2.1. அரை ஓம் எங்கோ அதிகமாக உட்கார்ந்திருக்கிறது.

வேலியோரம், பாதி வழியில் ஒரு ஜாயின்ட். கறுப்பு டேப் உப்பி, ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலை வைத்தேன், சுடவில்லை, ஆனால் இளஞ்சூடு தெரிந்தது. விடியற்காலைக் கடல்காற்றில் ஒயர் சூடாக இருக்க வேறு காரணம் இல்லை. டேப்பைப் பிரித்தால் முறுக்கிவிட்ட செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறி, பாதி இழைகள் தொட்டதும் உதிர்ந்தன. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஜாயின்ட்டின் இரு பக்கமும் வைத்தேன்: 1.1 வோல்ட். 2.2ஆல் வகுத்தால் 0.5 ஓம். தேடிய அரை ஓம் இதுதான். நிலக்கடலை அளவு ஜாயின்ட்டில் 1.1 × 2.2, இரண்டரை வாட் வெப்பம் ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது.

இதை ஓம் அளவையில் வைத்தே பார்த்திருக்கலாமே என்று அத்தை மகன் கேட்டான். வைத்துக் காட்டினேன். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், மின்சாரம் இருக்கும் லைனில் ஓம் அளவை வைக்கவே கூடாது. கழற்றிவிட்டு ஜாயின்ட்டில் வைத்தால் 0.8 காட்டியது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3. கையால் ஒயரை அசைத்தால் 0.6, மறுபடி 1.1. சாதாரண மல்டிமீட்டருக்கு ஓர் ஓமுக்குக் கீழே நம்பகம் கிடையாது. சுமை ஏற்றி, வோல்ட்டை அளந்து, ஆம்பியரால் வகுப்பதுதான் சரியான வழி. பல்புக்கும் அப்படித்தான். 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு எரியும்போது கணக்குப்படி ஏறத்தாழ 7 ஓம். அணைத்துக் குளிர்ந்தபின் ஓம் அளவையில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும். இழை சூடேற மின்தடை ஏறுகிறது. குளிர்ந்த பல்பை அளந்து திறன் கணக்குப் போடுகிறவர் பத்து மடங்கு தவறுவார்.

ஆம்பியர் அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. மீட்டரை லைனை வெட்டி நடுவில்தான் சேர்க்க வேண்டும். அளந்து முடித்ததும் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் பேட்டரியில் வைத்தால் மீட்டரே நேர்க்கம்பியாகிவிடும். ஒயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால், நேர்மின்னோட்டமும் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவை பெரும்பாலும் வீட்டு மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும்.

களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கரையின் காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை வாழ்நாள் முழுக்கத் துருவோடு போராடித்தான் காத்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. அப்படிப்பட்ட காற்றில், முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட்டிடம் என்ன எதிர்பார்ப்பது?

இனி தேர்வுக்கு வருகிறேன். அத்தைக்கு உண்மையில் வேண்டியது நான்கு 7 வாட் எல்.இ.டி. பல்புகளும் ஒரு 20 வாட் நேர்மின் விசிறியும். மொத்தம் 48 வாட். அதை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 12 வோல்ட்டில் 4, 24 வோல்ட்டில் 2, 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்கும் கீழே.

ஜாயின்ட்டை மட்டும் சரிசெய்து பழைய ஒயரையே வைத்துக்கொண்டால் என்ன? ஒரே ஒரு 7 வாட் பல்பு போதும் என்கிற வீட்டுக்கு அது போதும், ஓடுவது 0.6 ஆம்பியர், இழப்பு ஒரு வோல்ட்டுக்குள். அப்படி இருந்திருந்தால் வேறு எதையும் மாற்றாதே என்றுதான் சொல்லியிருப்பேன். 48 வாட்டுக்கு நடக்காது. 1.56 ஓம் மின்தடை வழியாக 12.4 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுக்கக்கூடிய உச்சத் திறன், வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடையின் நான்கு மடங்கால் வகுத்தது: 24.6 வாட். அதற்கு மேல் எந்தப் பல்பைப் போட்டாலும் அந்த ஒயரில் திறன் வராது. எல்.இ.டி. பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிறு சுற்றான டிரைவர் விஷயத்தை இன்னும் கடினமாக்குகிறது. பழைய இழைப் பல்பு, வோல்ட் குறைந்தால் தானும் குறைவாக மின்சாரம் எடுக்கும். டிரைவர் வைத்த எல்.இ.டி. அப்படி அல்ல; தன் 7 வாட்டை எப்படியும் எடுக்கப் பார்க்கும், வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டும். ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பு கூடும், வோல்ட் மேலும் சரியும். கடைசியில் பல்பு மினுக்கி மினுக்கி அணையும். ‘எல்.இ.டி. போட்டும் எரியவில்லை’ என்று கரையோர வீடுகளில் சொல்லும் புகாருக்குப் பின்னால் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

தடித்த ஒயர், 12 வோல்ட். ஐந்து சதவிகிதம் வரை இழப்பைப் பொறுக்கலாம் என்று வைத்தால் 0.6 வோல்ட். 4 ஆம்பியரால் வகுத்தால் 0.15 ஓம்தான் அனுமதி. 80 மீட்டருக்கு அவ்வளவு குறைவாக வர 10 சதுர மி.மீ. ஒயர் வேண்டும். கடைக்காரர் சொன்ன 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.64 ஓம், இரண்டரை வோல்ட் போய்விடும். பணம் செலவழித்த பிறகும் கொட்டகையில் 10 வோல்ட் கூட நிற்காது. 10 சதுர மி.மீ. ஒயரில் செம்பு மட்டுமே 7 கிலோவுக்கு மேல். கூலியும் செம்பின் விலையும் இருக்கட்டும், அந்த எடைச் செம்பை இரவில் ஆளில்லாத கரையில் நீட்டிக் கிடத்த அத்தைக்கு மனமில்லை. எனக்கும் இல்லை. வீட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் இருக்கும் கொட்டகை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியையே சொல்வேன், 2.5 சதுர மி.மீ. போட்டு முடித்துவிடலாம்.

பேட்டரியையும் தகட்டையும் கொட்டகைக்கே மாற்றுவது, கணக்கில் எல்லாவற்றையும் வெல்லும். ஒயர் ஐந்து மீட்டர், இழப்பு கால் வோல்ட் சுற்றி. “தாராளமாக மாற்றலாம். பக்கத்தில் பாய் விரித்து யார் படுப்பது, நீயா?” என்று கேட்டார் அத்தை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறி வரும்போது ஓலையைப் பிரித்து மேலே எடுத்துப் போகிற கொட்டகை அது. நான் யோசனையைக் கைவிட்டேன்.

230 வோல்ட் இன்வெர்ட்டரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கில் கவர்ச்சியாகத் தெரிவது இதுதான். 0.21 ஆம்பியர், பழைய ஒயரிலேயே இழப்பு கால், அரை வோல்ட்டுக்குள். வீட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண பல்பே போதும். தூரத்துக்கு வோல்ட்டை ஏற்றி அனுப்புவது எல்லா மின்வாரியமும் செய்வதுதான். நம் மாவட்டத்திலேயே கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 400 கிலோவோல்ட்டில் மின்சாரத்தை வெளியே அனுப்புகிறது. அதையே 12 வோல்ட்டில் அனுப்புவதாக இருந்தால் ஐந்து கோடி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதற்கு ஒயர் பூமியில் இல்லை.

ஆனால் அதே ஓம் கணக்கை மனித உடம்புக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். நனைந்த உடம்புக்குப் பாதுகாப்புக் கணக்கில் 1,000 ஓம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கருவாட்டுக் கொட்டகையில் கை உப்புநீரில் ஊறியிருக்கும், கால் ஈர மணலில் இருக்கும், விரலில் வெட்டு வேறு. 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் 30 மில்லியாம்பியரில் விழும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப்போல ஏழெட்டு மடங்கு இது. ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டால் போதாதா? சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றின் வெளியீட்டில் நியூட்ரல் எர்த் ஆகியிருக்காது. அந்த நிலையில் ஆர்.சி.சி.பி. நாம் நம்புகிறபடி விழும் என்று சொல்ல முடியாது. 24 வோல்ட்டில் அதே மோசமான கணக்கு 24 மில்லியாம்பியர், 12 வோல்ட்டில் 12. அவையும் சுருக்கென்று உறைக்கலாம், அலட்சியம் கூடாது. ஆனால் அத்தை அங்கே ஈரக் கையோடு தினமும் ஸ்விட்ச் போடுகிறார் என்றால் எனக்கு வேண்டியது இந்தச் சிறிய எண்தான்.

இன்னொன்று: இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் தின்னும். அத்தை மகன் கொண்டுவந்த சிறிய இன்வெர்ட்டரைப் பேட்டரியில் மாட்டி, ஒன்றும் எரியாத நிலையில் அளந்தேன். 12.4 வோல்ட், 0.9 ஆம்பியர். 11 வாட். பழைய ஒயரும் கெட்ட ஜாயின்ட்டும் சேர்ந்து வீணாக்கியது 10 வாட். அவன் மீட்டரைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு இன்வெர்ட்டரைக் கழற்றி எடுத்துப் போனான். நூற்றைம்பது மீட்டர் தூரம், ஐஸ் பெட்டி, மோட்டார் என்று தேவை இருப்பவர்களுக்கு 230 வோல்ட்தான் வழி; அவர்கள் மின்வாரிய இணைப்பாகவே, முறையான எர்த் கம்பியோடு, உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துச் செய்யட்டும்.

மிஞ்சியது மாமா சொன்ன 24 வோல்ட். வோல்ட் இரட்டிப்பானால் ஆம்பியர் பாதி. ஆம்பியர் பாதியானால் ஒயரில் வெப்பம் கால்பங்கு. ஐந்து சதவிகிதம் இங்கே 1.2 வோல்ட், 2 ஆம்பியரால் வகுத்தால் 0.6 ஓம் அனுமதி. 2.5 சதுர மி.மீ. ஒயரின் 0.64 ஓம் ஏறத்தாழ அதை ஒட்டியே வருகிறது. செம்பு 7 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்கு இறங்கிவிட்டது. இழப்பு இரண்டரை வாட். பல்புக்கும் அலைய வேண்டாம். லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுவதால் ராமநாதபுரத்து லாரி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. விசிறியையும் 24 வோல்ட்டுக்கு உரியதாக வாங்கினோம்.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டு பேட்டரியும் ஒரே கொள்ளளவு, ஒரே வயது. அத்தையின் பேட்டரி வாங்கி இரண்டு மாதமே ஆகியிருந்ததால் அதே வகையில் இன்னொன்று சேர்க்க முடிந்தது. மூன்று வருடப் பேட்டரியாக இருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன். தகடும் இரண்டாக வேண்டும், அவற்றைத் தொடராக இணைக்க வேண்டும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 24 வோல்ட்டை ஏற்பதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோ, செல்போன் சார்ஜர் என்று மாட்டவே கூடாது. ஒன்று இறங்கி, ஒன்று நிறைந்து, இரண்டும் கெடும்.

ஃப்யூஸ் விஷயத்தில் ஓம் கணக்கு எனக்கே ஓர் அதிர்ச்சி கொடுத்தது. பழைய லைனில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தார்கள். கொட்டகை முனையில் இரு கம்பிகளும் தொட்டுக்கொண்டால் என்ன ஓடும்? 12.4ஐ 2.1ஆல் வகுத்தால் 6 ஆம்பியர் கூட இல்லை. ஃப்யூஸ் எரியவே எரியாது. அந்த அரை ஓம் ஜாயின்ட்டில் மட்டும் 17 வாட் அளவுக்கு வெப்பம். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த ஜாயின்ட் ஓலைக்கூரைக்குக் கீழே இருந்திருந்தால்? புது லைனில் 25ஐ 0.64ஆல் வகுத்தால் 39 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃப்யூஸ் நொடியில் போய்விடும். அதைப் பேட்டரி முனையிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தோம்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பு, படகுகளுக்கு விற்கிற வகை. திண்ணையிலிருந்து கொட்டகை வரை ஒரே துண்டு, நடுவில் ஜாயின்ட் கிடையாது. பி.வி.சி. குழாய்க்குள் விட்டு மணலில் ஓர் அடி ஆழத்தில் புதைத்தோம். முனைகளில் லக் எனும் உலோகக் காதுகளை வைத்து அழுத்தி, மேலே ஸ்லீவைச் சூடுபடுத்தி இறுக்கினோம். பேட்டரி முனைகளில் வாசலின்.

முதல் நாள் விடியலில் எல்லாம் எரிய, பேட்டரியில் 25.0, கொட்டகையில் 23.7, ஓடியது 2 ஆம்பியர். 1.3ஐ 2ஆல் வகுத்தால் 0.65 ஓம். கணக்கு சொன்னது 0.64. அத்தை கரித்துண்டால் கொட்டகைப் பலகையில் ‘25 – 23.7’ என்று எழுதிவைத்தார். மீட்டரை அவரிடமே விட்டு வந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். “மருமகனே, இங்கே 25, அங்கே 23.2 காட்டுகிறது. விளக்கில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பலகையில் எழுதியதைவிட அரை வோல்ட் குறைவு.” அரையை இரண்டால் வகுத்துக்கொண்டேன், கால் ஓம். ஒயர் புதைந்து கிடக்கிறது, ஜாயின்ட் இல்லை. “அத்தை, ஃப்யூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள்” என்றேன். சற்று நேரம் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. “அரை வோல்ட்” என்றார். “உள்ளே பச்சையாக இருக்கிறது.”